எண்பத்தேழில் ஒரு பங்கு மெய்

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் என் மகன் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டிலே, எண்பது வயதைக் கடந்த அமெரிக்கர் ஒருவர் தனியே வசித்து வருகிறார். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயில் டீசல் எஞ்சின் ஓட்டியே தம் உத்தியோக காலத்தைக் கழித்தவர். பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த என்மீது இரக்கங்கொண்டோ, அல்லது தம் பொக்கிஷத்தைக் காட்டுவதற்குப் புதிய கண்கள் இரண்டு அகப்பட்டன என்ற சந்தோஷத்தினாலோ, ஒருநாள் பிற்பகல் என்னைத் தம் வீட்டு நிலவறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே, சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் அமைந்த மேடையின்மீது, மலையும் பாலமும் தானியக் கிடங்கும் சிற்றூர் ஸ்டேஷனுமாக ஒரு சிறு தேசமே விரிந்து கிடந்தது. அதனூடே தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடியது.

அவர் என் முன்னே இரண்டு எஞ்சின்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே அசலின் நகல்கள். இரண்டும் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. ஒன்று, அரை நூற்றாண்டுக்கு முன் அவர் இளைஞராயிருந்த காலத்தில் சொற்ப விலைக்கு வாங்கியது. மற்றது, அண்மையில் அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்துத் தருவித்தது. பிறகு ஒரு தாளை என் கையில் கொடுத்தார். அவருடைய மாடல் ரயில் சங்கத்தில் மாடல்களை மதிப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் தாளாம் அது. 'விவரம்' என்று ஒரு கட்டம், 'ஓட்டம்' என்று ஒரு கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், அடியிலே 'மொத்தம்' என்று மூன்றாவது கட்டம். "எங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவரவருக்கு ஒரு கட்சி இருக்கிறது; ஒன்றும் அறியாத நீங்கள் போட்டால்தான் சரியாயிருக்கும்" என்றார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆயினும் ஒரு வாரகாலம் அந்தத் தாளோடு மல்லுக்கு நின்றேன். விளையாட்டுச் சாமான் ஒன்றுக்கு மார்க்குப் போடும் காரியம், பிரதிமைக்கும் மூலத்துக்கும் என்ன சம்பந்தம், நகல் எப்போது மெய்யாகிறது என்ற மிகப் பழைய விவகாரத்திலே என்னைக் கொண்டுபோய் விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அசலைப்பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு, அதே சிகாகோவின் புறநகர்ப் பகுதியான லாகிராஞ்சை அடுத்திருந்த தன் தொழிற்சாலையில் 1954 முதல் கட்டிய 'ஜி.பி.9' என்னும் எஞ்சின் அது. 1,750 குதிரைசக்தி, பதினாறு சிலிண்டர், 56 அடி 2 அங்குல நீளம். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 'பொதுப் பிரயோஜனம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே ஜி.பி.; ரயில்காரர் வாயில் அது 'ஜீப்' என்று மருவிற்று. இந்த வம்சத்தின் மூத்த பிள்ளையான ஜி.பி.7-ஐ வகுத்த டில்வொர்த் என்னும் எஞ்சினீயர், பார்ப்பதற்கு லட்சணமே இல்லாத எஞ்சின் ஒன்றைச் செய்யத் தாம் வேண்டுமென்றே முனைந்ததாகச் சொல்லிக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு முந்திய பிரதானப் பாதை டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும், அகன்ற கூடு ஒன்றினால் உடல் முழுவதும் மூடப்பட்டுப் பளபளவென்று ராஜகம்பீரத்தோடு முன்னோக்கிச் செல்பவை. பின்னே பார்ப்பது அவற்றின் கௌரவத்துக்குப் பொருந்தாது போலும். டில்வொர்த்தின் எஞ்சினிலோ, யந்திரத்தை மட்டும் மூடும் ஒடுக்கமான நீண்ட மூடியும், அதன் இரு மருங்கிலும் ஆள் நடந்து செல்லும் பாதையும், பாதையோரத்தில் கைப்பிடிக் கம்பியும் அமைந்தன. மூடி ஒடுங்கியிருந்தபடியால் ஓட்டுபவருக்கு முன்னும் பின்னும் பார்வை கிடைத்தது. நடைபாதை இருந்தபடியால் மூடியின் கதவுகளை வெளியிலிருந்தே திறந்து பழுது பார்க்க முடிந்தது. ஆகவே அந்த ஒடுக்கம் அலங்காரமன்று. எந்த வேலைக்காக அந்த எஞ்சின் பிறந்ததோ அந்த வேலையே உருவாக வெளிப்பட்ட இடம் அது. லட்சணம் இல்லாத எஞ்சினுக்கு அதுதான் லட்சணம்.

அந்த லட்சணத்திலேதான் நண்பரின் பழைய மாடல் பிழை செய்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மலிவாகக் கிடைத்த மின்மோட்டார்கள் பருத்த சரீரம் படைத்தவை. ஒடுங்கிய மூடிக்குள் அவை அடங்க மாட்டா. மோட்டாரைச் சிறிதாக்க வழியில்லாதபோது மூடியைப் பெரிதாக்குவதே வழி என்று கண்டார்கள். ஆதேர்ன் நிறுவனத்தார் அக்காலத்தில் செய்த ஜி.பி.9 முதலான எஞ்சின்களின் பருத்த மூடி, இத்துறையில் ஊறியவர்கள் அனைவரும் அறிந்த சமாசாரம். மூடி பருத்தால் நடைபாதை சிறுத்தாக வேண்டும். எண்பத்தேழில் ஒரு பங்கு மனிதன் ஒருவன் அந்தப் பாதையில் போகப் புகுந்தால், முதுகை மூடியோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துதான் போக வேண்டும். கைப்பிடிக் கம்பிகளில் பல, கம்பிகளே அல்ல. பிளாஸ்டிக் உடலோடு சேர்த்து வார்த்த மேடுகள்.

புதிய மாடலோ, பார்த்த மாத்திரத்தில் மூச்சை நிறுத்திவிடும். ஒவ்வொரு கைப்பிடியும் தனித்தனிக் கம்பி. கூரையிலுள்ள விசிறிகளின் சல்லடையூடே கீழே இதழ்கள் தெரிகின்றன. முகப்பின் அடியில் பிரேக்குக் குழாய்கள் தொங்குகின்றன. கண்ணாடி துடைக்கும் கரங்கள் எறும்பின் கால்போல இருக்கின்றன. கறுத்த உடலில் இல்லினாய்ஸ் சென்ட்ரலின் பச்சை வைரச் சின்னம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், உடலில் பதித்த தகட்டிலுள்ள எழுத்துக்களைக்கூட வாசிக்கலாம். இத்துறையினரில் ஒரு சாராரை மற்றவர்கள் 'ரிவெட் எண்ணுபவர்கள்' என்று கேலி செய்வதுண்டு. இந்த மாடலைச் செய்தவர்கள் அப்படிப்பட்ட கண்களுக்கு அஞ்சியே செய்திருக்கிறார்கள் என்பது வெளிப்படை. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். ஒரு பொருளின் ரிவெட்டுகளை எண்ணத் துணிபவன், அந்தப் பொருளை மற்ற எவரையும்விட நெடுநேரம் பார்த்தவன்.

'சோஃபிஸ்ட்' என்ற சம்பாஷணையில் பிளேட்டோ, உருச்செய்யும் கலையை இரண்டாகப் பிரிக்கிறார். அசலின் அளவுகளையும் விகிதங்களையும் அப்படியே காப்பாற்றிச் செய்வது ஒருவகை. காண்பவன் நிற்கும் இடத்தை உத்தேசித்து அந்த விகிதங்களை மாற்றிவிடுவது மற்றொரு வகை. மாபெரும் சிலைகளைச் செய்பவர்கள், மேற்பகுதி தொலைவினால் சிறுத்துத் தோன்றும் என்பதற்காக அதை உள்ளபடியைவிடப் பெரிதாக்கிவிடுகிறார்கள். அழகாய்த் தோன்றுவதற்காக உண்மையைக் கைவிடுகிறார்கள் என்பது அங்கே எழும் குற்றச்சாட்டு. இந்த நியாயஸ்தலத்தில் நிறுத்தினால் பழைய மாடலின் கதி என்ன? அது அளவையும் காக்கவில்லை. கண்ணுக்கு இதமாகவும் தோன்றவில்லை. இரு வகையிலும் சேராத அபராதி அது. ஆனால் பிளேட்டோ எடுத்துக்கொண்ட உதாரணங்களெல்லாம் சிலையும் சித்திரமும், அதாவது நிற்கும் உருவங்கள். ஓடவேண்டும் என்பதற்காக அளவை மாற்றிக்கொள்ளும் ஓர் உருவத்துக்கு அந்தப் பாகுபாட்டிலே இடமில்லை.

இதைச் சொல்லும்போது, புதிய மாடல் அரிச்சந்திரன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 4 அடி 8½ அங்குலம். அதை எண்பத்தேழால் வகுத்தால் வரும் 16.5 மில்லிமீட்டர் இடைவெளி மாடலில் அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன்மேல் உருளும் சக்கரத்தைப் பாருங்கள். வழக்கத்திலுள்ள மாடல் சக்கரத்தின் அகலத்தை எண்பத்தேழால் பெருக்கினால் ஒன்பதரை அங்குலம் வரும். அசலிலோ ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். சக்கரம் தடம் புரளாமல் காக்கும் உள்விளிம்பும் அப்படியே, அசலைவிட இரண்டு மடங்கு ஆழம். வண்டியோடு வண்டியை மாட்டும் கப்ளரின் அடியில் ஒரு வளைந்த கம்பி தொங்குகிறது. பார்ப்பதற்குப் பிரேக்குக் குழாய், காரியத்தில் தண்டவாளத்தினடியிலுள்ள காந்தத்துக்குக் கீழ்ப்படிந்து கப்ளரைத் திறக்கும் கருவி. பொய் சொல்வதோடு நில்லாமல் வேஷமும் போட்டுக்கொண்ட பொய் அது. இங்கிலாந்துக்காரர்களின் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுடைய எஞ்சின்கள் அமெரிக்க எஞ்சின்களைவிடச் சிறியவையாதலால், எண்பத்தேழில் ஒரு பங்காக்கிய உடலுக்குள் அக்காலத்து மோட்டார் புகவில்லை; ஆகவே உடலை எழுபத்தாறில் ஒரு பங்காகப் பெருக்கிவிட்டு, தண்டவாளத்தை மட்டும் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். உடலின் கணக்குப்படி பார்த்தால் அந்த ரயில் 4 அடி 1½ அங்குலப் பாதையிலே ஓடுகிறது! ஒரு தேசம் முழுவதும் பல தலைமுறைகளாக இந்தக் கோணலான பாதையில் மனநிறைவோடு ரயில் விட்டுக்கொண்டிருக்கிறது. பொறுக்கமாட்டாத சிலர் சரியான அகலத்தில் தாமே தண்டவாளம் போட்டு, சக்கரத்தைக் கடைந்து, ஆயுளைக் கழிக்கிறார்கள்.

பொய்களையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் என்ன? அதற்கும் பிளேட்டோவிடமே பதில் இருக்கிறது. 'கிராட்டிலஸ்' என்ற மற்றொரு சம்பாஷணையில் சாக்ரட்டீஸ் கேட்கிறார்: தெய்வம் ஒன்று உன்னுடைய நிறத்தையும் உருவத்தையும் மட்டுமன்றி, உன் சதையின் மென்மையையும் வெம்மையையும் அசைவையும் அறிவையும் அப்படியே பிரதி செய்து உன் பக்கத்தில் நிறுத்திவிட்டால், அங்கே இருப்பது கிராட்டிலஸும் கிராட்டிலஸின் பிரதிமையுமா, அல்லது இரண்டு கிராட்டிலஸ்களா? குறையே இல்லாத பிரதிமை பிரதிமையாக இராது, இன்னொரு மூலமாகிவிடும். ஏதோ ஒன்று குறைந்திருப்பதுதான் பிரதிமையின் பிறவிக்குணம். அப்படியானால் எந்தக் குறை பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்பதுதான் கேள்வி; குறை உண்டா இல்லையா என்பதன்று.

இந்த ஆலோசனையோடு ஓட்டத்தைப் பரீட்சித்தோம். முதலில் புதியதைப் பாதையில் வைத்தார் நண்பர். குமிழைத் திருகியவுடன் எஞ்சின் அசையவில்லை. அதன் வயிற்றிலிருந்த சிறு ஸ்பீக்கரிலிருந்து டீசல் யந்திரம் கிளம்பும் கனைப்பும், பிறகு சீரான உறுமலும் எழுந்தன. மெய்யான எஞ்சின் ஒன்றின் ஒலியைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவரின் வேகக் கைப்பிடிக்கு எட்டுப் படிகள் உண்டு. படிக்குப் படி உறுமல் ஏறுவதை இங்கேயும் கேட்கலாம். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆனால் எஞ்சின் நகரத் தொடங்கிய பிறகு காரியம் கெட்டது. மெதுவாகச் செல்லும்போது நொண்டிற்று. பாதை பிரியும் பாயிண்டின்மேல் மின்சாரத் தொடர்பு அற்று நின்றது. குறுகலான வளைவில் சக்கரங்களைத் தாங்கும் போகி திரும்பும்போது, அழகுக்காகத் தொங்கவிட்டிருந்த குழாய் ஒன்று சக்கரத்தில் இடித்து, முன் சக்கரம் தண்டவாளத்தைவிட்டு இறங்கிற்று. யந்திரம் எட்டாம் படியில் கர்ஜித்துக்கொண்டிருக்க, எஞ்சின் சரிந்து கிடந்த காட்சியைக் கண்டு நான் சிரித்துவிட்டேன், நண்பர் சிரிக்கவில்லை.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: அந்த வளைவே அநியாயமானது. 18 அங்குல ஆரமுள்ள வளைவு அது. சாமானியர் வீட்டு மாடல் ரயில்களில் சர்வசாதாரணம். எண்பத்தேழால் பெருக்கினால் சுமார் 130 அடி. மெய்யான ரயிலின் பிரதானப் பாதையில் 570 அடி ஆரத்தையே கடுமையான வளைவு என்று கருதுவார்கள். அசலுக்கு முழு விசுவாசமாயிருந்த மாடல், அசல் ஒருபோதும் போகத் துணியாத வளைவிலே தடம் புரண்டது. அந்த மட்டில் அதன் வீழ்ச்சியும் ஒரு விசுவாசமே என்று வாதிக்கலாம். ஆனால் பாயிண்டில் நின்றதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

பழையது புறப்பட்டபோது ஒலி ஒன்றும் எழவில்லை, பல்சக்கரங்களின் மெல்லிய இரைச்சலைத் தவிர. ஆனால் ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போவதுபோல அவ்வளவு நிதானமாக நகர்ந்தது, வளைவில் வளைந்தது, பாயிண்டைக் கடந்தது. அதன் உள்ளே மோட்டாரின் இரு பக்கமும் பித்தளைச் சுழல்சக்கரங்கள் இருப்பதாகச் சொன்னார் நண்பர். தூசியொன்று குறுக்கிட்டு மின்சாரம் கணநேரம் அற்றாலும், அந்தச் சக்கரங்களில் மிஞ்சியிருக்கும் வேகம் எஞ்சினை நடத்திச் சென்றுவிடுமாம். பாரம் இல்லாத பொருளுக்குப் பாரத்தின் சுபாவத்தை இரவல் கொடுக்கும் ஏற்பாடு அது. ஏன் இரவல் வேண்டியிருக்கிறது என்பதற்குக் காரணத்தைக் கலிலியோ 1638-ல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கியிருக்கிறார்: நீளத்தைக் குறைக்கும் அதே விகிதத்தில் எடை குறைவதில்லை, அதன் கனத்தில், அதாவது மும்மடிப் பெருக்கத்தில் குறைகிறது. அசல் ஜி.பி.9-இன் எடை ஏறத்தாழ 113 டன். அதை எண்பத்தேழால் மூன்று முறை வகுத்தால் மிஞ்சுவது சுமார் 170 கிராம். அவ்வளவே எடையுள்ள எஞ்சினால் அதிகப் பெட்டிகளை இழுக்க முடியாது. நண்பரின் பழைய எஞ்சினைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 370 கிராம். மூடி மட்டுமன்று, எடையும் கூடுதல். காலமோ சுருங்கவே மறுக்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தைச் சுருக்கினால் விநாடிக்கு ஓர் அடி. ஆனால் அந்த விநாடி நம்முடைய முழு விநாடி. இதனால், அட்டவணைப்படி வண்டி விடும் மாடல்காரர்கள் வேகமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். தேசத்தைச் சுருக்கிய மனிதனால் காலத்தைச் சுருக்க முடியவில்லை. கடிகாரத்தைத்தான் ஏமாற்ற முடிந்தது.

எஞ்சினின் பின்னே சுருள்வில் தராசைக் கட்டி, எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்த்தோம். பழையது சுமார் 90 கிராம் இழுத்தபின், அதன் சக்கரங்கள் வழுக்கி நின்ற இடத்திலேயே சுழன்றன. அதன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. நண்பர் என்னைப் பார்த்து, "பெரிய எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான், எடையில் நாலில் ஒன்று" என்றார். அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தைதான் எனக்கு வழியைத் திறந்துவிட்டது.

நீளம் சுருங்கியிருக்கிறது, எடை பொய், வளைவு பொய், சக்கரத்தின் அகலம் பொய். ஆனால் உலோகம் உலோகத்தைப் பற்றும் அந்த ஒரு விகிதம் மட்டும் பெரியதற்கும் சிறியதற்கும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கிறது. அந்த இடத்தில் இந்தச் சிறு பொருள் இழுப்பதுபோலக் காட்டவில்லை, இழுக்கிறது. இன்னும் ஒன்று உண்டு. இதை டீசல் எஞ்சின் என்கிறோம். இதனுள்ளே டீசலும் இல்லை, டீசல் யந்திரமும் இல்லை, தண்டவாளத்தினூடே வரும் மின்சாரத்தினால் ஓடுகிற மோட்டார்தான் இருக்கிறது, ஆகவே அடிப்படையே பொய் என்று தோன்றும். ஆனால் அசலின் சக்கரத்தைச் சுழற்றுவது எது? ஜி.பி.9-இல் டீசல் யந்திரம் ஒரு ஜெனரேட்டரைத்தான் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் அடியிலுள்ள நான்கு மோட்டார்களுக்குச் செல்ல, அவையே நான்கு அச்சுக்களையும் திருப்புகின்றன. நீராவி எஞ்சினின் மாடலிலே மின்மோட்டார் வைத்தால், தண்டு சக்கரத்தைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சக்கரம் தண்டை இழுத்துச் செல்லும் தலைகீழ் நாடகம் நடக்கும். டீசல் மாடலில் அந்த நாடகம் இல்லை. எந்த விவரமும் காட்டாத, எவர் கண்ணுக்கும் தெரியாத அச்சினருகே, மூலத்தில் நடப்பதும் நகலில் நடப்பதும் ஒரே காரியம்.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த தார்க்கிகரான தர்மகீர்த்தி, உள்ளது எது இல்லது எது என்பதற்கு ஓர் உரைகல் வைத்தார். அதற்கு 'அர்த்தக்கிரியை' என்று பெயர். காரியத்தைப் பயக்கும் சாமர்த்தியம் உடையது எதுவோ அதுவே மெய். சுடுவது தீ, சுடாதது தீயைப்பற்றிய எண்ணம். அரிஸ்டாட்டிலும், ஆன்மாவைப்பற்றிய தம் நூலில், காணும் சக்தி அற்றுப்போன கண், கல்லில் செதுக்கிய கண்ணைப்போலப் பெயரளவில்தான் கண் என்கிறார். இவர்கள் இருவரும் நண்பரின் நிலவறைக்கு வந்திருந்தால், தாளை வாங்கி ஓட்டத்துக்கு மட்டும் மார்க்குப் போட்டுவிட்டு மாடியேறிப் போயிருப்பார்கள். தமிழில் 'மெய்' என்ற ஒரே சொல் உடலுக்கும் உண்மைக்கும் பெயராக இருப்பதை நான் அறிவேன். உடல் அப்பழுக்கின்றி அமைந்த மாடலைவிட, உடல் பருத்துப்போன மாடலே மெய்யாக இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஓட்டத்துக்காக உருவத்தில் செய்த விட்டுக்கொடுப்பு இழுக்காகுமா? சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சோழர்காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்கள், அவற்றின் பீடத்திலே துவாரங்களும் வளையங்களும் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். தண்டுகளை நுழைத்துக் கட்டித் தோளிலே சுமந்து வீதிவலம் கொண்டுபோவதற்காக ஏற்பட்டவை. கருவறையில் அசையாமல் எழுந்தருளியிருக்கும் மூலவருக்கு அவை இல்லை. வீதிக்கு வரும் உற்சவருக்கு மட்டுமே உண்டு. தாளப் பிரமாணம் பிசகாமல், விரல் நுனிவரை இலக்கணம் பார்த்து வார்த்த ஸ்தபதி, பீடத்திலே ஓட்டை போட்டுவிட்டோமே என்று வருந்தியிருக்கமாட்டார். மூர்த்தி வெளியே வர வேண்டும் என்பது முதலில் நிச்சயமாகி, உருவம் அதற்கேற்ப அமைந்தது. ஆழமான உள்விளிம்பும் பருத்த மூடியும் அந்தத் துவாரங்களின் ஜாதியைச் சேர்ந்தவை. தரிசனம் செய்பவர்கள் அவற்றைக் குறையென்று எண்ணுவதில்லை. பெரும்பாலும் அவை கண்ணில் படுவதுமில்லை.

இவ்வளவு எழுதியபின், விவரத்தின் கட்சியையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமாகாது. நண்பர் புதிய மாடலை வாங்கியதற்குக் காரணம் அதன் அழகு அன்று. அதன் பக்கத்தில் வெள்ளையாக எழுதியிருந்த நம்பர். இளமையில் அதே நம்பர் எஞ்சினை அவர் ஓட்டியிருக்கிறார். "இந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவேன், கையுறை இல்லாவிட்டால் குளிர்காலத்தில் தோல் ஒட்டிக்கொள்ளும்" என்று ஊசி நுனியளவு கம்பி ஒன்றைக் காட்டினார். அந்த எஞ்சின் இன்று எங்கே என்று கேட்டேன். 1960-களின் பிற்பகுதி தொடங்கி இல்லினாய்ஸ் சென்ட்ரல், தன் ஜி.பி.7, ஜி.பி.9 எஞ்சின்களைக் கென்டக்கி மாநிலத்திலுள்ள படூகா பட்டறைக்குக் கொண்டுபோய், உரித்து, உயர்ந்த முகப்பைத் தணித்து, புதுப்பித்து, ஜி.பி.8 என்றும் ஜி.பி.10 என்றும் வேறு பெயரிட்டு அனுப்பிற்று. அவர் ஓட்டிய எஞ்சினும் அவ்வழியே போயிற்று. ஆகவே புதிய மாடலுக்கு இப்போது மூலம் என்று உலகில் எதுவும் இல்லை. அந்த நம்பரோடும் அந்த முகத்தோடும் அந்தக் கைப்பிடியோடும் அது இருக்கும் ஒரே இடம் கிழவர் ஒருவரின் ஞாபகம், அதற்கு அடுத்தபடியாக இந்த மேடை.

நம் சாஸ்திரங்களில் 'சாமானியம்', 'விசேஷம்' என்று இரண்டு சொற்கள் உண்டு. விசேஷத்தைக் கொண்டே ஒரு தரிசனத்துக்கு வைசேஷிகம் என்ற பெயர் ஏற்பட்டது. நித்தியமான திரவியங்களைக் குறித்து அங்கே அதற்குக் கடுமையான தனிப்பொருள் கொள்வார்கள். நான் அந்தச் சொல்லைச் சில்லறைக் காரியத்துக்காக இரவல் வாங்கிக்கொள்கிறேன். இது என்ன என்று கேட்டால், எஞ்சின் என்று ஓட்டம் பதில் சொல்கிறது. இது எது என்று கேட்டால், நான் ஏறிய அந்த எஞ்சின் என்று விவரம் பதில் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதியைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது. முழ அளவையும் படி அளவையும் சேர்த்துக் கூட்டினால் வரும் தொகைக்கு என்ன பெயர்? ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. எஞ்சினாக இருக்கும் ஒன்றுதான் அந்த எஞ்சினாக ஆக முடியும். பாயிண்டில் நின்றுவிடுவது அந்த எஞ்சினின் அழகான படம். படத்தின்மீது எனக்கு மதிப்பு உண்டு, கண்ணாடிப் பேழைக்குள் வைத்து நாள்தோறும் பார்க்கலாம். நண்பர் என்னிடம் கேட்டது படத்துக்கு மார்க்கு அன்று.

தாளை நிரப்பினேன். புதியதற்கு விவரம் ஒன்பது, ஓட்டம் ஐந்து. பழையதற்கு விவரம் நான்கு, ஓட்டம் ஒன்பது. 'மொத்தம்' என்ற கட்டத்தை இரண்டிலும் வெறுமையாக விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில், பழையதே மேல் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நண்பர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, 14 என்றும் 13 என்றும் தாமே கூட்டி எழுதிவிட்டார். சங்கத்தில் எண் இல்லாத தாளை வாங்கமாட்டார்களாம். அன்று மாலை நான் விடைபெற்று மாடியேறியபோது, கீழே பதினாறு சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து போயிற்று பழைய எஞ்சின்.